எடுக்கக் கூடாத போன்

1. சாப்பாட்டுக்கு முன்னால் விட்ட வேலை

கோவளம் போகிற ரோட்டில் வடக்கே நடந்துகொண்டிருந்தேன். இடது பக்கம் சவுக்குத் தோப்பு. வலது பக்கம் மனைக்கல் நட்ட மணல், அதற்குப் பின்னால் கடல். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, கம்பி கட்டுகிற கொக்கி. சட்டைப் பாக்கெட்டில் போன். வயிற்றில் ஒன்றும் இல்லை. கோபம் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. வேலையை விடுவதாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு விட வேண்டும். இதைப் படிக்கிற தம்பிகள் முதலில் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் பழகிய தொழில். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு செய்யூர்ப் பக்கம் சவுக்கு வெட்டினேன். கையெல்லாம் பிசுக்கு என்று விட்டேன். மறைமலைநகரில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தேன். அங்கே பாத்ரூம் போவதற்கும் ஒருவரைக் கேட்க வேண்டும் என்பதால் விட்டேன். மாமல்லபுரத்தில் கல்பட்டறையில் சிலைகளுக்குப் பாலிஷ் போட்டேன். நாள் முழுக்க ஒரே பிள்ளையாரின் வயிற்றைத் தேய்த்ததில் எனக்கே வயிறு வலித்தது, அதையும் விட்டேன். எங்கும் யாருக்கும் முகவரி சொல்லிவிட்டுப் போனதில்லை. யாரும் தேடியதும் இல்லை. நல்ல ஏற்பாடு அது.

அந்த ஏற்பாட்டைக் கெடுத்தது இந்தப் போன்தான். இப்போது விட்டுவிட்டு வந்ததும் இதனால்தான். பின்னால் இரண்டு கிலோமீட்டரில் ஒரு ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தார்கள். "போனா, வேலையா, எது வேணும்?" என்று அந்த சைட் இன்ஜினியர் கேட்டார். போன் என்று சொன்னேன். அத்தோடு நிற்காமல், "என் காலு இனிமே இந்தப் பக்கம் திரும்பாது" என்றும் சொல்லிவிட்டேன்.

நான் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

2. ஒல்லியாக ஒரு போன்

அந்தப் போனைச் செங்கல்பட்டில் ஒரு மொபைல் கடையில் வாங்கினேன். அப்போதுதான் கூலியாட்கள் கையிலும் போன் வர ஆரம்பித்திருந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் சோப்புக்கட்டி மாதிரி ஒரு மாடல் வைத்திருந்தார்கள். மூன்றாவது மாடியிலிருந்து போட்டாலும் பேசும். எனக்கு அது பிடிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இது மட்டும் தகடு மாதிரி இருந்தது. கலர் ஸ்கிரீன், கேமரா, பட்டன்களெல்லாம் எழும்பாமல் ஒரே தட்டையாக.

"இது டாப்பும் இல்ல, டப்பாவும் இல்ல, நடுவுல கீது" என்றான் கடைக்காரன். "பாக்கெட்ல போட்டா கீதா இல்லியான்னே தெரியாது அண்ணாத்த."

"இருக்கிறதே தெரியலன்னா அப்புறம் இன்னாத்துக்கு நைனா டப்பு குடுக்கணும்?"

"அதுக்குத்தான் டப்பே" என்றான். நான் வாங்கிவிட்டேன். இந்த மாதிரிப் பேச்சுக்குத் தோற்றுத்தான் என் வாழ்க்கையில் பாதிப் பொருள்கள் வந்தன.

ஒல்லிப் போனோடு கம்பி வேலை செய்வது எப்படி என்று சொல்கிறேன். பட்டன் தட்டை, என் கட்டைவிரல் காய்த்துப்போனது. ஐந்தை அமுக்கினால் இரண்டும் எட்டும் சேர்ந்து விழும். போன் ஒல்லி என்றால் பேட்டரியும் ஒல்லி. காலையில் ஏற்றினால் சாயங்காலம் வரை தாங்குவது அதன் மனசைப் பொறுத்தது. சார்ஜர் முனையும் ஒல்லி. ஊரில் மற்ற எல்லோர் போனுக்கும் ஒரே சார்ஜர் பொருந்தும், எனக்கு மட்டும் பொருந்தாது. கைலி மடிப்பில் வைத்தால் வழுக்கி விழும். பேன்ட் பின்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்தேன், லேசாக வளைந்துவிட்டது. அதன் பிறகு மேஜையில் வைத்தால் ஆடும்.

அதனால் பாதுகாப்பு செய்தேன். சிமென்ட் தூசிக்கும் உப்புக் காற்றுக்கும் ஒரு பாலித்தீன் கவர். வளையாமல் இருக்கப் பின்னால் ஓர் அட்டை. வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு ரப்பர் பட்டை. இதற்கெல்லாம் மேலே, எங்கள் சைட்டில் சித்தாளாக இருந்த ஸ்டெல்லா அக்கா பழைய புடவையில் தைத்துக் கொடுத்த பை. எல்லாம் முடிந்தபோது அது மேஸ்திரி வைத்திருந்த சோப்புக்கட்டியைவிடத் தடிமனாக இருந்தது.

"இதுக்கு நீ செங்கல்லே வாங்கியிருக்கலாம்டா ஏழுமல" என்றார் கன்னியப்பன் மேஸ்திரி.

3. தேசிய கீதம்

சைட்டில் எங்கள் ஆட்களிடம் இரண்டே போன். ஒன்று மேஸ்திரியுடையது. அதை அவர் யாருக்கும் தரமாட்டார். இன்னொன்று என்னுடையது. யாராவது கேட்டால் எனக்கு இல்லை என்று சொல்ல வராது. ஒரு மாதத்தில் ஷெட்டில் தங்கியிருந்த எல்லோர் வீட்டிலும் என் நம்பர் போய்ச் சேர்ந்துவிட்டது.

நம்பர் கொடுத்தார்களே தவிர, பேசுவதற்கு அல்ல. காயின் பாக்ஸ் போனில் எதிர்முனை எடுத்தால்தான் ரூபாயைப் போட வேண்டும். எடுக்காவிட்டால் இலவசம். அதனால் எங்கள் சைட்டில் முதல் சட்டம்: போன் அடித்தால் எடுக்கக் கூடாது. எண்ண வேண்டும். ஸ்டெல்லா அக்காவின் மகள் ஜெனிஃபர் செய்யூர்க் கடைத்தெருவிலிருந்து தினமும் சாயங்காலம் இரண்டு ரிங் கொடுத்து வைத்துவிடுவாள். டைப்ரைட்டிங் கிளாஸ் முடிந்தது, வீட்டுக்குப் போகிறேன் என்று அர்த்தம். அஞ்சலை அக்காவின் புருஷன் ஒரு ரிங். அது வராத நாளில் அவர் குடித்திருக்கிறார் என்று அர்த்தம். மூன்று ரிங் சென்டரிங் ஆள் ஒருவனுடைய தங்கச்சி. நான்கு அவனுடைய மாமியார். நான்கு வந்தால் அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம். யாருக்கு வருகிறது என்பது வைத்த பிறகுதான் தெரியும். அதனால் போன் அடித்ததும் எல்லோரும் நின்றுவிடுவார்கள். கொத்தனார் கரண்டியைத் தூக்கியபடி நிற்பார். சித்தாள் பெண்கள் தலையில் சட்டியோடு நிற்பார்கள். உதடு மட்டும் அசையும். ஒண்ணு, ரெண்டு. பிறகு உரியவர் மட்டும் சிரிப்பார், மற்றவர்கள் வேலைக்குத் திரும்புவார்கள்.

ஜெனிஃபர் பிளஸ் டூ முடித்திருந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் செய்கிற கம்பெனி ஒன்றில் பெண்பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று எழுதிப் போட்டிருந்தாள். பரீட்சையும் எழுதிவிட்டு வந்தாள். போன் நம்பர் என்ற இடத்தில் என் நம்பர். சொந்தமாக நம்பர் இல்லாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஸ்டெல்லா அக்கா இதை என்னிடம் சொல்லவும் செய்தாள், ஆனால் அவள் கவலை வேறாக இருந்தது.

"போன் செய்யற கம்பெனிக்கே போன் இல்லாத வூட்டுப் பொண்ணு போவுது. சிரிக்கமாட்டாங்க?"

அவள் அம்மா, அம்மாவின் அம்மா எல்லோரும் நாற்று நட்டவர்கள், பிறர் நிலத்தில். அவள் சட்டி தூக்குகிறாள். மகள் சட்டி தூக்கக் கூடாது. ஸ்டெல்லா அக்காவுக்கு இது ஒன்றுதான் வேண்டுதல். மாதா கோயிலில் வேறு எதுவும் அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் வேலையை விட்ட அன்று காலையில் மொட்டைமாடி ஸ்லாபுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தோம். மறுநாள் கான்கிரீட். போன் அடித்தது. எல்லோரும் நின்றார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மாமியார் என்று அந்த சென்டரிங் பையன் தலையில் கை வைத்தான். ஆனால் நிற்கவில்லை. ஐந்து, ஆறு என்று போய்க்கொண்டே இருந்தது, பிறகு தானாக அடங்கியது.

"இது யாருது?" என்றாள் அஞ்சலை அக்கா. "ரெண்டு மாமியாரா?"

"லேண்ட்லைன் நம்பரு" என்றேன். "எடுத்திருக்கலாமோ?"

"எடுக்காத தம்பி" என்றாள் ஸ்டெல்லா அக்கா. "யாரு பெத்த புள்ளையோ, காசு பூடும்."

மறுபடியும் அடித்தது. மறுபடியும் நின்றார்கள். இன்ஜினியர் அப்போதுதான் ஏணியில் தலையை நீட்டினார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இளவயது, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட இருக்காது. மாடி முழுக்க ஆட்கள் சிலை மாதிரி நிற்பதைப் பார்த்தார். ஸ்டெல்லா அக்கா ஒரு கையைத் தூக்கி அவரையும் அசையாமல் இருக்கச் சொன்னாள்.

மணி அடங்கியது. இன்ஜினியர், "என்னங்க இது, தேசிய கீதமா?" என்றார்.

ஸ்டெல்லா அக்கா கையை இறக்கினாள்.

"போன் யாருது?"

"என்துதான் சார்."

"அடிச்சா எடுத்துப் பேசிட்டுப் போங்க. எடுக்கிறதும் இல்ல, கட் பண்றதும் இல்ல. இத்தனை பேர் ஏன் நிக்கறாங்க?"

"எண்ணிக்கினு இருந்தோம் சார்."

அவர் ஏணியில் மிச்சப் படியும் ஏறி வந்தார். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். போனை ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்றார். மேஸ்திரி, "குட்த்துட்றா, சாயங்காலம் வாங்கிக்கலாம்" என்றார். கொடுத்திருக்கலாம்தான். ஆனால் யாராவது இதா, அதா என்று கேட்டால் என் கால் தானாகவே வாசல் பக்கம் போகும். அன்றும் போயிற்று.

4. கார்டியன்

ரோட்டில் அடித்தது அதே லேண்ட்லைன் நம்பர். சைட்டில் இருந்திருந்தால் எண்ணியிருப்பேன். இப்போது எனக்கு சைட்டே இல்லை, சட்டமும் இல்லை. ஆத்திரத்தில் எடுத்துவிட்டேன். இந்த ஆளால்தானே வேலை போயிற்று, இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று.

"யாரும்மா அது, காலைலேர்ந்து பேஜாரு பண்ணிக்கினு?"

ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதையாக. "ஜெனிஃபருங்களா?"

"என் கொரலு ஜெனிஃபரு மாதிரியா கீது?"

"சாரி சார். ஜெனிஃபர் கொடுத்த நம்பர் இது. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

என்ன வேண்டும் என்று யோசித்தேன். ஒரே சைட் என்று சொல்ல வாய் எடுத்தேன், அதுவும் இப்போது உண்மை இல்லை.

"கார்டியனா சார்?"

"ஆமா" என்றேன். அதுவரை நான் ஒரு நாய்க்குட்டிக்குக்கூட கார்டியனாக இருந்ததில்லை.

"காலையில ரெண்டு தடவை கூப்பிட்டோம். யாரும் எடுக்கல."

"எண்ணிக்கினு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

அவள் சொன்னது இதுதான். ஜெனிஃபர் தேர்வாகிவிட்டாள். நாளைக் காலை ஒன்பது மணிக்குச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்பெனி பஸ் வரும். ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி. இரண்டும் கையில் இருக்க வேண்டும். பஸ் எங்கே நிற்கிறது என்று பஸ்ஸில் வருகிற ஆள் இதே நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்வார். எடுக்காவிட்டால், வரவில்லை என்று அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"போனை ஆன்லயே வைங்க சார். எடுங்க சார்" என்றாள் கடைசியாக. அந்த 'எடுங்க'வில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது.

வைத்தேன். பேட்டரியில் ஒரே ஒரு கோடு. சார்ஜர் ஷெட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வீராப்பாகக் கிளம்புகிறவன் சார்ஜரை எடுத்துக்கொண்டு கிளம்புவதில்லை.

திரும்பிப் போகக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். அதனால் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். முழுக்க அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. அவர் எப்படி எடுப்பார்? எடுக்கக் கூடாது என்று நாங்கள்தானே அந்த சைட்டையே பழக்கி வைத்திருந்தோம். ரோட்டோரம் ஒரு பெட்டிக்கடையில் சிவப்பு காயின் பாக்ஸ் இருந்தது. அதிலிருந்தும் அடித்தேன். அங்கே மாடியில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு மேஸ்திரி போனை எண்ணிக்கொண்டிருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது.

பெட்டிக்கடைக்காரர், "எடுக்கலியா?" என்றார்.

"எண்ணிக்கினு கீறாங்க" என்றேன்.

பஸ்ஸுக்குக் கை காட்டினேன். ஈ.சி.ஆரில் பஸ்கள் கைக்கு நிற்பதில்லை. பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, இனிமேல் திரும்பாது என்று சொன்ன காலைத் திருப்பினேன்.

5. லைன்

கேட்டிலேயே மேஸ்திரி நின்றிருந்தார். கையில் போன். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தீங்களா? மூணு வாட்டி அடிச்சிக்கீறான்" என்று பக்கத்தில் நின்ற இன்ஜினியரிடம் காட்டினார். "ஃபுல்லு ரிங்கு சார். கெஞ்சறான்."

"சார்ஜரை மறந்துட்டாரு போல" என்றார் இன்ஜினியர்.

"நான் வேலைக்கு வரல சார். ஸ்டெல்லா அக்காவப் பாக்கணும்."

மாடியிலிருந்து அவள் இறங்கி வந்தாள். பெண்கள் எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். சொன்னேன். ஸ்டெல்லா அக்கா தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அழவில்லை, சிரிக்கவும் இல்லை.

"நீ எடுத்தியா?"

"எடுத்துட்டேன்கா."

"எவ்ளோ நேரம் பேசுன? பாவம், அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ ஆச்சோ."

"கம்பெனி காசு அக்கா அது! நீ மொதல்ல கெளம்பு. காலைல ஒம்பது மணிக்கு பஸ்ஸு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஜெனிஃபர் செய்யூரில் இருக்கிறாள். அவளுக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. அவளாக சாயங்காலம் இரண்டு ரிங் கொடுத்தால் உண்டு, அதுவும் நாம் எடுத்தால் பதறி வைத்துவிடுவாள். மார்க் ஷீட்டும் டி.சி.யும் டிரங்குப் பெட்டியில், பெட்டிச் சாவி ஸ்டெல்லா அக்காவின் இடுப்பில். அவளேதான் போக வேண்டும். போய், விடியற்காலை முதல் பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு வர வேண்டும்.

"நாளைக்கு ஸ்லாபு" என்றார் மேஸ்திரி.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்கு லிஃப்ட் மெஷின் கிடையாது. கலவை மெஷினிலிருந்து மாடி வரைக்கும் பெண்கள் லைன் கட்டி நிற்பார்கள். ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்குச் சட்டி போகும், ஒரு கை நீளம் ஓர் ஆள். நடுவில் ஓர் ஆள் குறைந்தால் கை எட்டாது, லைன் அறுந்துவிடும். கான்கிரீட் நடுவில் நின்றால் ஸ்லாபில் ஜாயின்ட் விழும், மழைக்கு ஒழுகும்.

"ஒரு நாள் கழிச்சிப் போவக்கூடாதா?" என்றார் மேஸ்திரி, அவருக்கே அது கேட்க நன்றாக இல்லை.

"கம்பெனி பஸ்ஸு நிக்குமா மேஸ்திரி?"

இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க. பதில் ஆள் கொண்டாந்துட்டுப் போகட்டும். ஆள் குறையக் கூடாது."

இந்த நேரத்துக்கு எங்கே போய் ஆள் தேடுவது? எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அஞ்சலை அக்கா மட்டும் என்னைப் பார்த்தாள்.

"தோ நிக்குதே ஒண்ணு" என்றாள். "வேலவெட்டி இல்லாம."

"அக்கா, நான் கம்பிக்காரன்."

"கிழிச்ச. காலைலியே கம்பிய வுட்டுட்டுப் போனவன் தானே நீ? இப்ப நீ எந்தக் காரன்?"

பெண்கள் சிரித்தார்கள். மேஸ்திரி, "சித்தாள் கூலிதான், சொல்லிட்டேன்" என்றார், அதற்குள் அவர் மனதில் வேலை முடிந்துவிட்டது. சித்தாள் லைனில் ஆம்பிளை நின்று நான் பார்த்ததில்லை. ஸ்டெல்லா அக்கா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை கால் வாசல் பக்கம் போயிருக்கும்.

"சும்மாடு யாரு குடுப்பா?" என்றேன்.

அவள் கையிலிருந்த துணியை நீட்டினாள்.

பிறகு போன். எந்தப் போனுக்காகக் காலையில் வேலையை விட்டேனோ, அதைப் பை, ரப்பர், அட்டை எல்லாவற்றோடும் அவள் கையில் கொடுத்தேன். சார்ஜரையும் ஆணியிலிருந்து எடுத்து வந்தேன். உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

"இது பச்ச. அடிச்சா இத அமுக்கணும். எடுக்கணும்கா."

"எத்தினி அடிச்ச பொறவு?"

"எத்தினியும் இல்ல. அடிச்ச ஒடனே."

"எண்ணாமலியா?"

"எண்ணாம."

அவளுக்கு அது ஏதோ தப்புக் காரியம் மாதிரி இருந்தது. "எடுக்கணும், எடுக்கணும்" என்று ஜெபம் மாதிரி இரண்டு தரம் சொல்லிக்கொண்டாள்.

"ஜெனி பஸ்ஸு ஏறுனதும் மேஸ்திரி நம்பருக்கு ரெண்டு ரிங் குடு" என்றேன்.

"ஏறலேன்னா?"

"ஏறலேன்னா அடிக்காத."

மாமல்லபுரம் போகிற ஷேர் ஆட்டோ ஒன்றில் அவளை ஏற்றிவிட்டோம். பையை இடுப்பில் சொருகி மேலே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு ஒல்லிப் போன் இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

6. ரெண்டு

மறுநாள் காலை மெஷின் ஓட ஆரம்பித்தது. ஏணியின் முதல் படியில், ஸ்டெல்லா அக்கா நிற்கிற இடத்தில் நான் நின்றேன். எனக்குக் கீழே அஞ்சலை அக்கா, மேலே இன்னொரு அக்கா. தலையில் பூப்போட்ட சும்மாடு.

"பாத்து வாங்கு புதுப் பொண்ணு" என்றாள் அஞ்சலை அக்கா. "மொதல் சட்டியிலியே கொட்டிடாத, மாமியார் வூட்ல திட்டுவாங்க."

கம்பி வேலையில் நம் வேகத்துக்கு நாம் வேலை செய்யலாம். லைனில் அது நடக்காது. கீழே இருப்பவள் கொடுக்கும்போது வாங்க வேண்டும், மேலே இருப்பவள் கை நீட்டும்போது கொடுக்க வேண்டும். நமக்கு மூக்கு அரித்தால் அது அரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இத்தனை வருஷம் நான் தப்பித்து ஓடிய விஷயம் இதுதான் என்று அந்த ஏணிப்படியில் தெரிந்தது. நாம் நகர்ந்தால் நடுவில் ஓர் ஓட்டை விழுகிற மாதிரி ஓர் இடத்தில் நிற்பது. நான் எங்கும் அப்படி நின்றதில்லை. அந்தப் போன் நம்பர் மட்டும் எனக்குத் தெரியாமல் ஆறு மாதமாக நின்றுகொண்டிருந்திருக்கிறது. தம்பிகள் யாருக்காவது நம்பர் கொடுக்கும்போது பார்த்துக் கொடுங்கள். கொடுத்த பிறகு அது உங்களுடையது இல்லை.

இன்ஜினியர் வந்தார். சும்மாட்டைப் பார்த்தார், சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"போன் எங்கே?"

"குடுத்துட்டேன் சார்."

"குட். அப்படித்தான் இருக்கணும்" என்றார்.

வெயில் ஏறியது. மேஸ்திரி மெஷின் பக்கம் நின்று போனைக் கையிலேயே வைத்திருந்தார், வாட்ச் கட்டியிருந்தார். ஒவ்வொரு சட்டி வாங்கும்போதும் நான் அவரைப் பார்ப்பேன். அவர் தலையை ஆட்டுவார், இல்லை என்று. ஒன்பது ஆகிவிட்டது என்று விரலைக் காட்டினார். பிறகு நான் அந்தப் பக்கம் பார்க்கும்போது அவர் வேறு பக்கம் பார்த்தார்.

ஸ்டெல்லா அக்கா எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். பச்சை பட்டனைப் பார்த்துக்கொண்டே, யாரு பெத்த புள்ளையோ என்று. அஞ்சலை அக்காவும் கிண்டலை நிறுத்திவிட்டாள். லைனில் சட்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

மெஷின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேஸ்திரியின் கை மட்டும் மேலே போனதைப் பார்த்தேன். போனில் விளக்கு எரிந்தது. பழக்கதோஷத்தில் அவர் மெஷின்காரனை நோக்கிக் கை காட்ட, அவன் ஆஃப் செய்துவிட்டான். ஒரு ரிங் தெளிவாகக் கேட்டது. மேஸ்திரிக்குக் கை பரபரத்திருக்க வேண்டும், கட்டைவிரல் பட்டன் பக்கம் போயிற்று.

"எடுக்காதய்யா!" என்று லைன் மொத்தமும் கத்தியது.

விரல் நின்றது. அடுத்த ரிங். பிறகு ஒன்றுமில்லை. மூன்றாவது வந்துவிடுமோ என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை. கடல் சத்தம்தான் கேட்டது.

இன்ஜினியர் ஸ்லாபின் விளிம்பில் வந்து நின்றார். மெஷின் நின்றதற்குக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு விரலை மடக்கி வைத்திருந்தார்.

"ரெண்டுதானே அடிச்சுது?" என்றார். "ரெண்டுன்னா என்னய்யா?"

"பொண்ணு பஸ்ஸு ஏறிடுச்சி சார்" என்றாள் அஞ்சலை அக்கா.

"சரி சரி, மெஷினைப் போடு, கலவை இறுகுது" என்றார் அவர். விரலை மட்டும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நீட்டினார்.

மெஷின் ஓடியது. அஞ்சலை அக்கா கீழேயிருந்து அடுத்த சட்டியைத் தூக்கினாள்.

"இன்னா பாத்துக்கினு கீற புதுப் பொண்ணு? வாங்கு."

வாங்கினேன்.